அஞ்சல்தலையில் அரசும் அறமும்

சேலத்திற்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சிறு நிலையங்களுள் ஒன்று சாமல்பட்டி. ஊத்தங்கரை வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு வெளியுலகின் வாயிலாக விளங்குவது அந்நிலையம். அதன் வடமேற்கே கிருஷ்ணகிரியும், ஓசூரின் ஆலைகளும், அவற்றுக்கு அப்பால் கன்னட நாட்டு எல்லையும் உள்ளன. கிழக்கே சென்றால் திருவண்ணாமலை, ஆரணி, வந்தவாசிப் பகுதிகளில் தமிழ்ச் சமணர் வழிவழியாக வாழ்ந்துவரும் ஊர்களை அடையலாம். தொழில் நிமித்தம் ஓர் ஊர் விட்டு மற்றோர் ஊர் சென்ற குடும்பங்களை ஒரு காலத்தில் ஒன்றாகப் பிணைத்து வைத்தவை கடிதங்களே. திருமணச் செய்தியும், தேர்வு முடிவும், திருவிழா அழைப்பும், துயரச் சேதியும் அவற்றின் வழியாகவே வந்து சேர்ந்தன.

கடிதத்தைப் பெற்றவர் உள்ளிருக்கும் செய்தியைப் படித்தார். உறையின் வலப்பக்க மூலையில் ஒட்டப்பட்டிருந்த சிறு தாளை அவர் பெரும்பாலும் கவனித்திருக்கமாட்டார். ஆனால் அத்தாளும் ஒரு செய்தியைத் தாங்கியே வந்தது. அது கடிதம் எழுதியவரின் செய்தியன்று. ஆளும் அரசின் செய்தி. அஞ்சல் கட்டணம் செலுத்தப்பட்டதற்கான சான்று என்ற பெயரில், அரசு தன்னைப் பற்றிக் குடிமக்களுக்குச் சொல்ல விரும்பியதை வீடுதோறும் கொண்டு சேர்த்த பரப்புரைக் கருவியாகவும் அஞ்சல்தலை விளங்கிற்று. இந்திய அஞ்சல்தலைகளின் வரலாற்றை இக்கண்கொண்டு நோக்கினால், சமண ஆலயங்களும் அவ்வரலாற்றில் குறிப்பிடத்தக்க இடம் பெற்றிருப்பதைக் காணலாம்.

அரசியின் தலை

உலகின் முதல் அஞ்சல்தலை 1840ஆம் ஆண்டு இங்கிலாந்தில் வெளியாயிற்று. அதில் நாட்டின் பெயர் இல்லை. விக்டோரியா அரசியின் தலை மட்டுமே இருந்தது. முகமே நாட்டின் பெயர் என்பது அதன் பொருள். இன்றளவும் பிரிட்டன் தன் அஞ்சல்தலைகளில் நாட்டின் பெயரை அச்சிடுவதில்லை.

இந்தியா முழுமைக்கும் பொதுவான அஞ்சல்தலைகள் 1854 அக்டோபர் 1 அன்று வழக்கிற்கு வந்தன. அப்போது நாட்டை ஆண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. ஆயினும் தலைகளில் பொறிக்கப்பட்டது அரசியின் உருவமே. ஆட்சி நேரடியாக அரசியின் கைக்கு மாறியது 1858இல்தான். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அவருடைய முகம் இந்தியரின் வீடுகளுக்குள் நுழைந்துவிட்டது.

சமஸ்தானங்களும் இம்முறையைக் கற்றுக்கொண்டன. திருவிதாங்கூர் சமஸ்தானம் 1888இல் வெளியிட்ட அஞ்சல்தலைகளில் மன்னரின் முகத்தைக் காட்டாமல் சங்கினைக் காட்டியது. தாம் பத்மநாபசுவாமியின் அடியார். அவர் பெயரால் நாட்டை ஆள்கிறவர் என்பது அம்மன்னர் மரபின் கொள்கை. அக்கொள்கையை ஒரு சொல்லும் இன்றி அந்தச் சங்கு உணர்த்திற்று. அச்சமஸ்தானத்து அஞ்சல் பணிக்கு வழங்கிய 'அஞ்சல்' என்னும் பெயரே இன்று தமிழில் பொதுச்சொல்லாக நிலைபெற்றுள்ளது.

புதுதில்லியும் உப்பும்

1931 பிப்ரவரி 9 அன்று, புதுதில்லி நகரத் தொடக்க விழாவை முன்னிட்டு ஆறு அஞ்சல்தலைகள் வெளியாயின. ஒரு நிகழ்வின் நினைவாக இந்தியாவில் வெளியிடப்பட்ட முதல் வரிசை இதுவே. பழைய கோட்டை, போர் நினைவு வளைவு, சட்டமன்றக் கட்டடம், வைசிராய் மாளிகை, தலைமைச் செயலகம், டொமினியன் தூண்கள் ஆகியவை ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துடன் அவற்றில் இடம்பெற்றன. வலிமையும் அமைதியும் நிலைபேறும் உடைய பேரரசு என்ற தோற்றத்தை அக்கட்டடங்கள் அளித்தன.

உண்மை நிலையோ வேறு. அதற்கு முந்தைய ஆண்டில்தான் நாடெங்கும் உப்புச் சத்தியாகிரகம் நடைபெற்றது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரணியத்திற்குத் தொண்டர்களை நடத்திச் சென்று சிறைப்பட்டார். காந்தியடிகள் 1931 ஜனவரி 26 அன்றுதான் சிறையினின்று விடுதலை பெற்றார். காந்தி-இர்வின் ஒப்பந்தம் அவ்வாண்டு மார்ச் 5 அன்று கையெழுத்தாயிற்று. அவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் வெளியான தலைகளில் இவை எவற்றின் நிழலும் படியவில்லை. எதைக் காட்டுவது என்பதைப் போலவே எதை மறைப்பது என்பதும் பரப்புரையின் ஒரு பகுதியே.

மன்னரின் அருகில் சினாலயம்

நான்கு ஆண்டுகள் கழித்து, ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் அரியணை ஏறிய வெள்ளி விழாவை ஒட்டி 1935 மே மாதத்தில் ஏழு அஞ்சல்தலைகள் நாசிக் அச்சகத்தில் அச்சிடப்பட்டு வெளியாயின. ஒவ்வொன்றிலும் மன்னரின் உருவத்தோடு ஒரு கட்டடம் இடம்பெற்றது. அரையணாவில் பம்பாயின் இந்தியா வாயில், 9 பையில் கல்கத்தாவின் விக்டோரியா நினைவு மண்டபம், ஓரணாவில் இராமேசுவரம் திருக்கோயில், ஒன்றேகாலணாவில் கல்கத்தா சமண ஆலயம், இரண்டரையணாவில் தாஜ்மகால், மூன்றரையணாவில் அமிர்தசரசுப் பொற்கோயில், எட்டணாவில் மாந்தளையின் பௌத்தக் கோயில்.

ஒன்றேகாலணாத் தலையில் காணப்படும் ஆலயம், கல்கத்தாவில் இராய் பத்ரிதாஸ் என்னும் வணிகர் 1867இல் எழுப்பிய சினாலயமாகும். பத்தாம் தீர்த்தங்கரராகிய சீதளநாதரை மூலவராகக் கொண்டது அது. சமண சமயத்தவர் எவருக்கும் இத்தலை பெருமிதம் அளிக்கக்கூடியதே. ஆயினும் ஏழு தலைகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போதுதான் அவற்றைத் தெரிந்தெடுத்தவர்களின் நோக்கம் புலனாகிறது. இந்து, சமணம், இசுலாம், சீக்கியம், பௌத்தம் ஆகிய ஐந்து மரபினரின் கட்டடங்களும் அங்கே உள்ளன. இரு கட்டடங்கள் பிரிட்டிஷார் எழுப்பியவை. ஏழிலும் பொதுவாக விளங்குவது மன்னரின் முகம் ஒன்றே. பல சமயத்தாரையும் ஒரே குடையின்கீழ் வைத்துக் காப்பது முடியாட்சியே என்பது அவ்வேழு தலைகளும் சேர்ந்து கூறிய செய்தி.

சமணர்களுக்கு வாக்களிக்கப்பட்டது என ஏதும் அத்தலையில் இல்லை. சினாலயத்தின் எழில் அங்கே மன்னரின் புகழுக்கு அணியாக்கப்பட்டது, அவ்வளவே. எட்டணாத் தலைக்கு நேர்ந்ததும் நினைக்கத்தக்கது. மாந்தளை அன்று இந்திய ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனி ஆட்சிப் பகுதியாகப் பிரிக்கப்பட்டது. ஒரே குடை என்று அந்த வரிசை கூறிய செய்தி இரண்டாண்டு அளவும் நிலைக்கவில்லை.

கடிதம் சுமக்காத தலைகள்

பரப்புரை ஆள்வோருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் ஆசாத் இந்த் இயக்கத்திற்காக 1943இல் பெர்லினில் ஜெர்மன் அரசு அச்சகத்தில் அஞ்சல்தலைகள் அச்சிடப்பட்டன. ஆக்ஸ்டர்-ஹாய்ட்லாஸ் என்னும் ஜெர்மானிய ஓவியத் தம்பதியர் அவற்றை வரைந்தனர். ஏர் உழும் உழவன், இராட்டை சுற்றும் பெண், காயமுற்றோரைப் பேணும் செவிலி, துப்பாக்கி ஏந்திய சீக்கிய வீரன், அறுந்த விலங்குச் சங்கிலி, கொடி தாங்கிய வீரர்கள் ஆகிய காட்சிகள் அவற்றில் உள்ளன. இராட்டையும் துப்பாக்கியும் ஒரே வரிசையில் இடம்பெற்றது அந்நாளைய விடுதலை இயக்கத்தின் இரு போக்குகளையும் காட்டுகிறது.

ஆனால் அத்தலைகள் அஞ்சலில் பயன்படவே இல்லை. மலேயாவின் தோட்டங்களிலிருந்து தமிழர் பலர் சேர்ந்து போராடிய இந்திய தேசிய இராணுவத்தின் வீரர்களுக்கும் அவை கடிதம் சுமந்து செல்லவில்லை. தலைகளை மட்டும் சேர்ப்பவர் அவற்றின் அழகில் நின்றுவிடுவார். அஞ்சல் வரலாற்றைத் தேடுபவரோ, "இது ஒட்டப்பட்டு, முத்திரை இடப்பட்டு, ஒருவர் கைக்குச் சென்று சேர்ந்த உறை எங்கே?" என்று வினவுவார். அவ்வாறு அஞ்சலில் சென்ற உறை இல்லாமையே, அத்தலைகள் ஓர் அரசின் செயலாக அமையாமல் ஒரு கனவின் அறிவிப்பாக நின்றுவிட்டதைக் காட்டும் சான்று. ஆனால் அக்கனவின் முழக்கமாகிய 'ஜெய்ஹிந்த்' அழியவில்லை. அது வேறு வழியாக அஞ்சலுக்குள் வந்து சேர்ந்தது.

முத்திரை கூறிய விடுதலை

1947 ஆகஸ்டு 15 அன்று நாடு விடுதலை பெற்றபோது விடுதலை இந்தியாவிற்கு என அஞ்சல்தலை ஏதும் ஆயத்தமாக இல்லை. அன்று அனுப்பப்பட்ட கடிதங்களிலும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலைகளே ஒட்டப்பட்டிருந்தன. ஆனால் அந்நாளில் 'ஜெய்ஹிந்த்' என்னும் முழக்கம் பொறித்த முத்திரை வழக்கிற்கு வந்தது. மன்னரின் முகத்தின்மீது அம்முத்திரை விழுந்த உறைகள் இன்று அஞ்சல் வரலாற்றுச் சேகரிப்பாளர்களின் அருஞ்செல்வங்களாக உள்ளன. ஓர் ஆட்சி விடைபெற்று மற்றோர் ஆட்சி தோன்றியதை ஒரே உறையின் ஒரே மூலையில் காணமுடிகிறது. அத்தலையை உறையினின்று பிரித்து நீரில் ஊறவைத்து எடுத்திருந்தால், முத்திரையின் பாதியும் அனுப்பிய இடமும் நாளும் சென்று சேர்ந்த ஊரும் மறைந்து, பழைய மன்னர் ஒருவரின் மலிவான தலையே எஞ்சியிருக்கும்.

விடுதலை இந்தியாவின் முதல் அஞ்சல்தலை 1947 நவம்பர் 21 அன்று வெளியாயிற்று. மூவண்ணக் கொடியும் 'ஜெய்ஹிந்த்' என்னும் சொல்லும் தாங்கிய அது மூன்றரையணா மதிப்புடையது. வெளிநாட்டுக் கடிதங்களுக்கென அமைந்தது. புதிய நாட்டின் கொடியை முதலில் உலகிற்கே காட்டினர். உள்நாட்டுக் கடிதங்களுக்கான ஒன்றரையணாத் தலை டிசம்பர் 15 அன்று அசோகத் தூணின் சிங்க முகட்டுடன் வந்தது. அன்றே பன்னிரண்டணா வானூர்தித் தலையும் வெளியாயிற்று. முடிசூடிய முகம் இருந்த இடத்தில் அறவாழியைத் தாங்கிய தூண் அமர்ந்தது. மன்னர் ஒருவரைக் காட்டாமல், போரைத் துறந்து அறத்தை நாடிய அரசனின் அடையாளத்தைக் காட்டிய இத்தெரிவு ஆழ்ந்த அரசியல் பொருளுடையது.

விடுதலையின் முதலாண்டு நிறைவை ஒட்டி 1948 ஆகஸ்டு 15 அன்று காந்தியடிகளின் உருவத்துடன் நான்கு தலைகள் வெளியாயின. அவ்வாண்டு ஜனவரி 30 அன்று அண்ணல் கொல்லப்பட்டமையால் விழாத் தலைகள் அஞ்சலித் தலைகள் ஆயின. 'பாபூ' என்னும் சொல் தேவநாகரி, உருது ஆகிய இரு எழுத்துகளிலும் அவற்றில் அச்சிடப்பட்டது. பிரிவினையின் குருதி உலராத நாளில் இரு எழுத்துகளையும் ஒருங்கே வைத்தது ஒரு நல்லிணக்கச் செய்தி. ஆயினும் கதரையும் சுதேசியையும் போற்றிய பெருமகனின் தலைகள் சுவிட்சர்லாந்தில் அச்சிடப்பட்டன என்பது அச்செய்தியின் மறுபக்கம்.

அத்தலைகளுள் பத்து ரூபாய்த் தலைகளில் 100 மட்டும் 'சர்வீஸ்' என மேலச்சிடப்பட்டுக் கவர்னர் ஜெனரலின் அலுவலகப் பயன்பாட்டுக்கு ஒதுக்கப்பட்டன. அப்போது அப்பதவியில் இருந்தவர் தொரப்பள்ளியின் மைந்தர் இராஜாஜியே. உப்பெடுத்ததற்காகச் சிறை சென்றவரின் அலுவலகத்திற்கு, உப்பெடுக்க வழிகாட்டியவரின் உருவத்துடன் அரசு முத்திரை! இன்று இந்திய அஞ்சல்தலைகளில் மிக அரியவற்றுள் ஒன்றாக அது மதிக்கப்படுகிறது. அதன் நான்கு தலைகள் சேர்ந்த ஒரு துண்டு 2017இல் ஐந்து இலட்சம் பவுனுக்கு விற்பனையாயிற்று. எளிமையே வடிவான ஒருவரின் உருவத்திற்கு உலகச் சந்தை வைத்த விலை அது.

பதினைந்து ரூபாய்ச் சத்ருஞ்சயம்

1949 ஆகஸ்டு 15 அன்று தொல்பொருள் வரிசை என்னும் 16 அஞ்சல்தலைகள் வெளியாயின. அன்றாடப் பயன்பாட்டிலிருந்த மன்னர் தலைகளுக்கு மாற்றாக வந்தவை இவை. அசந்தா, கோனாரக், நடராசர், சாஞ்சி, புத்தகயை, புவனேசுவரம், பிசப்பூர்க் கோல்கும்பசு, கசுராகோ, பொற்கோயில், சித்தூர் வெற்றித் தூண், செங்கோட்டை, தாஜ்மகால், குதுப்மினார் முதலியவை அவற்றில் இடம்பெற்றன. அவ்வரிசையின் உச்ச மதிப்பாகிய பதினைந்து ரூபாய்த் தலையில் பாலிதானாவின் சத்ருஞ்சய சினாலயம் பொறிக்கப்பட்டது.

இவ்வரிசையை 1935 வரிசையோடு ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். பல சமயங்களின் கட்டடங்களை அடுக்கி ஒற்றுமையைக் காட்டும் முறையைப் புதிய அரசு பழைய அரசிடமிருந்தே பெற்றுக்கொண்டது. மன்னரின் முகத்தை மட்டும் நீக்கிவிட்டது. ஆனால் அந்த ஒரு நீக்கத்தால் பொருள் முற்றிலும் மாறியது. முன்னதில் சினாலயம் மன்னருக்கு உரிய உடைமைகளுள் ஒன்றாகக் காட்சியளித்தது. பின்னதில் அது தன்னளவில் நின்று, நாட்டு மக்கள் அனைவருக்கும் உரிய மரபுச் செல்வமாயிற்று.

இப்பெருமையின் அளவையும் உறைகளே கூறும். அணாக் கணக்கில் பதினைந்து ரூபாய் என்பது 240 அணா. அதாவது அவ்வரிசையின் இரண்டணா நடராசர் தலைகள் 120க்கு ஈடு. நடராசர் எளிய கடிதங்களில் ஊர்தோறும் சென்றார். சத்ருஞ்சயமோ மிகுந்த கட்டணம் செலுத்திய பெரும்பொதிகளில் மட்டுமே சென்றிருக்கும். சாமல்பட்டி போன்ற ஊரில் வாழ்ந்தவர் ஒருவர் அதனைக் கண்ணால் காணும் வாய்ப்பு மிகக் குறைவு. உயர்ந்த மதிப்பளிப்பது வேறு. பலர் அறியச் செய்வது வேறு.

பாவாபுரியும் விந்தியகிரியும்

பகவான் மகாவீரர் வீடுபேறுற்ற 2500ஆம் ஆண்டு 1974இல் நாடெங்கும் கொண்டாடப்பெற்றது. தீபாவளித் திருநாளாகிய நவம்பர் 13 அன்று, பாவாபுரி நீர்க்கோயிலைத் தாங்கிய 25 பைசா அஞ்சல்தலை வெளியாயிற்று. இம்முறை அறவோரின் நினைவு, சாதாரணக் கடிதம் எழுதுவோரின் கைக்கு எட்டும் விலையில் வந்தது. அவ்வாண்டு மே 18 அன்றுதான் பொக்ரானில் இந்தியாவின் முதல் அணுவெடிச் சோதனை நடைபெற்றது. ஒரே ஆண்டில், ஒரே அரசு, வலிமையையும் கொல்லாமையையும் உலகிற்கு எடுத்துரைத்தது. ஒரு நாட்டின் அஞ்சல்தலைகள் அந்நாடு தன்னை எவ்வாறு காட்டிக்கொள்ள விரும்புகிறது என்பதைக் கூறும். அது முழுமையாக எவ்வாறு இருக்கிறது என்பதை அறியப் பிற சான்றுகளும் வேண்டும்.

கங்க மன்னரின் அமைச்சர் சாமுண்டராயர் சிரவணபெளகொளவின் விந்தியகிரியில் பாகுபலியின் திருவுருவை எழுப்பி ஆயிரம் ஆண்டுகள் நிறைவுற்றதை ஒட்டி, 1981 பிப்ரவரி 9 அன்று ஒரு ரூபாய் அஞ்சல்தலை வெளியாயிற்று. புதுதில்லி வரிசை வெளியான நாளிலிருந்து சரியாக 50 ஆண்டுகள் சென்றிருந்தன. 1931இல் வைசிராய் மாளிகையைக் காட்டிய அதே அஞ்சல் துறை, 1981இல் வென்ற நாட்டைத் துறந்து நின்ற ஒருவரைக் காட்டியது. அவ்வாண்டு மகாமஸ்தகாபிடேக விழாவில் பிரதமர் இந்திரா காந்தி உலங்கூர்தியிலிருந்து மலர் தூவி வணங்கினார். அதில் பக்தியும் இருந்தது, அரசியலும் இருந்தது. பின்னர் பகவானின் 2600ஆம் பிறந்தநாளை ஒட்டி 2001 ஏப்ரல் 6 அன்று மூன்று ரூபாய்த் தலை ஒன்றும் வெளியிடப்பட்டது.

பிற நாடுகளும் இவ்வாறே அறவோரின் முகத்தைத் தம் அரசியலுக்குத் துணைகொண்டுள்ளன. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்கா 'விடுதலையின் காவலர்' என்னும் வரிசையில் 1961இல் காந்தியடிகளுக்குத் தலை வெளியிட்டது. அவரைப் பன்முறை சிறையிலிட்ட பிரிட்டன் 1969இல் அவர் உருவத்தை அரசியின் உருவத்தோடு ஒரே தலையில் வைத்தது.

உறையில் எஞ்சும் உண்மை

இவற்றையெல்லாம் பரப்புரை என்று அறிவதால் அத்தலைகளின் மதிப்புக் குறைந்துவிடாது. எதையும் ஒரு பக்கத்தினின்று மட்டும் காணலாகாது என்பது அநேகாந்த நெறி. அஞ்சல்தலையின் முகப்பில் அரசின் குரல் உள்ளது. அதன்மேல் விழுந்த முத்திரையில் காலத்தின் குரலும், உறையின் முகவரியில் மக்களின் குரலும் உள்ளன. மூன்றையும் ஒருங்கே கேட்பதே அஞ்சல் வரலாற்றுச் சேகரிப்பின் பயன்.

மேலே கண்ட சமணத் தலைகளுள் கல்கத்தா உண்டு, பாலிதானா உண்டு, பாவாபுரியும் சிரவணபெளகொளவும் உண்டு. மேல்சித்தாமூரோ, திருமலையோ, திருப்பருத்திக்குன்றமோ, கழுகுமலையோ, சித்தன்னவாசலோ அவற்றில் இல்லை. அரசின் தலைகள் சொல்லாது விட்ட இவ்வரலாற்றைச் சொல்லக்கூடியவை, இவ்வூர்களின் குடும்பங்களில் எஞ்சியுள்ள உறைகளும் அஞ்சலட்டைகளுமே. ஓர் ஊரின் நயினார் குடும்பம் எந்த ஆண்டில் எந்த ஊருக்குச் சென்றது, திருவிழா அழைப்பு எத்தனை ஊர்களுக்குப் போயிற்று, யார் யாருக்கு எவ்வாறு மரியாதை செலுத்தி எழுதினர் என்பவற்றை அவை காட்டும். வீடு மாறும்போதும், பெரியவர் மறையும்போதும் முதலில் குப்பைக்குச் செல்பவையும் அவையே.

அவற்றைக் காப்பது அரிதன்று. தலையை உறையினின்று வெட்டவோ கிழிக்கவோ கூடாது. பசைநாடா ஒட்டலாகாது. உறையையும் உள்ளிருக்கும் கடிதத்தையும் பிரிக்காமல், ஈரமும் வெயிலும் படாத இடத்தில் தனித்தனித் தாளுறைகளில் வைக்கவேண்டும். எழுதியவர் யார், பெற்றவர் யார், அவர்களுக்கு என்ன உறவு என்பதை அறிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, வேறொரு தாளில் எழுதி உடன் வைக்கவேண்டும். ஆலய விழாக்களுக்கெனச் சிறப்பு உறை வெளியிடவும், நினைவுத் தலை வேண்டி முன்மொழிவு அளிக்கவும் அஞ்சல் துறையில் வழியுண்டு. அவ்வாறு முன்மொழியும் நாளில் சான்றாகக் காட்டத்தக்கவையும் இப்பழைய உறைகளே.

அரசுகள் மாறின, தலைகளும் மாறின. முடியும், கொடியும், தூணும், ஆலயமும் ஒன்றன்பின் ஒன்றாக அச்சிறு தாளில் வந்து சென்றன. அத்தாளுக்குக் கீழே நடுங்கும் கையால் எழுதப்பட்ட ஓர் ஊரின் பெயரும் ஒருவரின் பெயரும் மட்டும் எவருடைய பரப்புரையாகவும் இல்லை. அப்பெயர்களைக் காத்தல் அவரவர் வழித்தோன்றல்களின் கடனாகும்.